கடவுச்சீட்டும் துருப்புச்சீட்டும்

"சார், சீட்டு வெளையாடவா பிளேன் ஏறிப் போறீய?"

குலசேகரன்பட்டினத்தில் தேநீர்க் கடை ஒன்றில் சென்ற ஆண்டு என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் பல்லாண்டுகளாக என்னிடம் அன்பு பாராட்டி வருபவர். அவர் குரலில் கேலியைவிடக் கவலையே மிகுந்திருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்துவிட்டு ஓய்வுபெற்ற ஒருவர், கடவுச்சீட்டைப் புதுப்பித்துக்கொண்டு, சொந்தச் செலவில் தென்கிழக்கு ஆசிய நாடொன்றுக்குச் சீட்டாடப் போகிறார் என்றால், ஊரார் கவலைப்படத்தானே செய்வார்கள்?

அந்தக் கவலையை நான் எள்ளி நகையாட மாட்டேன். அதன் வேர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. உப்பளத்தில் கணக்கெழுதிய என் சித்தப்பா, கூலி வாங்கிய கையோடு 'மங்காத்தா' ஆடப் போய்விடுவார். 'உள்ளே, வெளியே' என்று இரண்டே சொற்களில் முடிந்துவிடும் ஆட்டம் அது. முதலில் சைக்கிள் போயிற்று. பிறகு சித்தியின் வளையல்கள் போயின. கடைசியில் அடகுக் கடைக்குப் போன தாலிக்கொடி திரும்பி வரவே இல்லை. என் தாயார் மறையும் வரை எங்கள் வீட்டு வாசற்படியை ஒரு சீட்டுக்கட்டும் தாண்டியதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான் கடல் கடந்து சீட்டாடப் போனேன் என்றால், அதற்கான காரணத்தை விளக்க வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

நான் ஆடப்போனது 'பிரிட்ஜ்'. தமிழ்நாட்டில் இந்தப் பெயரைச் சொன்னால் பலருக்குப் பாலம்தான் நினைவுக்கு வரும். ஆனால் இதன் நெருங்கிய உறவினர் ஒருவர் நம்மிடையே நெடுங்காலமாக வாழ்ந்து வருகிறார். தென்மாவட்டத்துத் திண்ணைகளிலும் யாழ்ப்பாணத்து முற்றங்களிலும் ஆடப்படும் 'முந்நூற்று நான்கு' என்ற ஆட்டம்தான் அது. நான்கு பேர், எதிரெதிரே அமர்ந்திருப்பவர்கள் கூட்டாளிகள், ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்று ஓர் இனத்துக்கு 76 புள்ளிகள், நான்கு இனங்களுக்கும் சேர்த்து 304. எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்டு, துருப்பைத் தீர்மானித்து ஆட வேண்டும். இதை ஆடத் தெரிந்தவருக்குப் பிரிட்ஜின் அரிச்சுவடி பாதி தெரியும்.

பிரிட்ஜில் 52 சீட்டுகளும் நால்வருக்கும் பதின்மூன்றாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொருவரும் ஒரு சீட்டு இறக்க, நான்கு சீட்டுகள் சேர்ந்தது ஒரு 'பிடி'. ஆக மொத்தம் 13 பிடிகள். ஆட்டம் தொடங்குமுன் ஏலம் நடக்கும். "இந்த இனம் துருப்பாக இருந்தால் நாங்கள் இத்தனை பிடிகள் எடுப்போம்" என்று இரு தரப்பும் போட்டி போட்டுக் கேட்க வேண்டும். உயர்ந்த ஏலம் கேட்ட தரப்பு, அதை ஓர் ஒப்பந்தமாக ஏற்றுக்கொண்டு நிறைவேற்றிக் காட்ட வேண்டும். தவறினால் எதிர்த் தரப்புக்குப் புள்ளிகள் போய்விடும். ஒப்பந்தம் முடிவானதும், ஆடுபவரின் கூட்டாளி தம் சீட்டுகளை மேசையில் விரித்து வைத்துவிட்டு அமைதியாக இருப்பார். எஞ்சிய மூவரும், கண்ணுக்குத் தெரியும் சீட்டுகளிலிருந்து தெரியாதவற்றைக் கணித்து ஆடுவார்கள்.

இதன் பிறப்பும் கடலோடு தொடர்புடையது. பழைய 'விஸ்ட்' ஆட்டத்திலிருந்து படிப்படியாக வளர்ந்து வந்த பிரிட்ஜுக்கு, இன்று உலகம் ஆடும் வடிவத்தைத் தந்தவர் ஹெரால்டு வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கச் செல்வந்தர். 1925-ஆம் ஆண்டின் இறுதியில், லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து பனாமா கால்வாய் வழியாக ஹவானா சென்ற 'ஃபின்லாந்து' என்ற கப்பலில், நண்பர்களோடு ஆடிப் பார்த்து அவர் புதிய புள்ளிமுறையை வகுத்தார். ஒரு நூற்றாண்டுக்குள் அது உலகெங்கும் பரவிவிட்டது. 1950-இல் பெர்முடா தீவில் தொடங்கிய 'பெர்முடா கோப்பை' உலக அணிப் போட்டியாக வளர்ந்தது. 1958-இல் ஆஸ்லோவில் உலக பிரிட்ஜ் கூட்டமைப்பு உருவானது. 1999-இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு அதற்கு அங்கீகாரம் அளித்தது. நடிகர் ஓமர் ஷெரீஃப் 1964-ஆம் ஆண்டு பிரிட்ஜ் ஒலிம்பியாட் போட்டியில் தம் நாட்டுக்காக ஆடினார். சீனத் தலைவர் தெங் சியோபிங் இந்த ஆட்டத்தின் பெரும் பற்றாளர். முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் பிரிட்ஜ் ஈடுபாடு ஊரறிந்தது.

எல்லாம் சரி, சீட்டு நன்றாக விழுந்தால் வெற்றி, இல்லையேல் தோல்விதானே என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் போட்டி பிரிட்ஜ் கண்டறிந்த விடை எளிமையானது. ஒரு பொருளாதார ஆசிரியனாக எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு மேசையில் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நால்வருக்கும் விழுந்த அதே சீட்டுகள், கலைக்கப்படாமல் ஓர் அட்டைப் பெட்டகத்தில் அடுத்த மேசைக்குக் கொண்டுசெல்லப்படும். அணிப் போட்டியாக இருந்தால், ஒரு மேசையில் உங்கள் அணி வடக்கு-தெற்காகவும் மற்ற மேசையில் கிழக்கு-மேற்காகவும் அதே சீட்டுகளை ஆடும். நல்ல சீட்டு விழுந்ததால் உங்களுக்கு ஆதாயம் இல்லை. மோசமான சீட்டு விழுந்ததால் இழப்பும் இல்லை. அதே சீட்டுகளைக் கொண்டு மற்றவர் செய்ததைவிட நீங்கள் என்ன சிறப்பாகச் செய்தீர்கள் என்பதற்குத்தான் மதிப்பெண். பிறப்பால் கிடைத்த சொத்தைக் கழித்துவிட்டு உழைப்பை மட்டும் அளக்கும் ஒரு பொருளாதார முறையைக் கற்பனை செய்து பாருங்கள். வாழ்க்கையில் அது கைகூடுவதில்லை. பிரிட்ஜ் மேசையில் கைகூடுகிறது.

அடுத்தது தகவல். சதுரங்கத்தில் எல்லாக் காய்களும் இருவர் கண்முன்னும் இருக்கின்றன. பிரிட்ஜில் ஏலம் நடக்கும்போது 39 சீட்டுகள் உங்கள் கண்ணுக்குத் தெரியாதவை. ஒருவருக்கு விழக்கூடிய 13 சீட்டுகளின் சேர்க்கைகள் மட்டும் 63,501 கோடிக்கு மேல். நால்வருக்குமான பகிர்வுகளின் எண்ணிக்கையோ 29 இலக்கங்கள் கொண்டது. இந்த இருட்டில் கூட்டாளியோடு பேச உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட சொற்கள் 38 மட்டுமே: 35 ஏலங்கள், 'பாஸ்', 'டபுள்', 'ரீடபுள்'. கண் சிமிட்டக் கூடாது. பெருமூச்சு விடக் கூடாது. யோசிக்கும் நேரத்தைக்கூட ஒரு செய்தியாக மாற்றக் கூடாது.

இதைவிடச் சிறப்பான விதி ஒன்று உண்டு. நீங்களும் உங்கள் கூட்டாளியும் எந்த ஏலத்துக்கு என்ன பொருள் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பொருளை எதிரிகளிடம் மறைக்கக் கூடாது. அவர்கள் கேட்டால் விளக்கியாக வேண்டும். சீட்டுகள் மட்டுமே இரகசியம். மொழி பொதுச் சொத்து. சந்தையில் ஒருவருக்குத் தெரிந்த செய்தி மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதால் விளையும் கேடுகளை ஆராய்ந்ததற்காக அகெர்லாஃப், ஸ்பென்ஸ், ஸ்டிக்லிட்ஸ் ஆகிய மூவரும் 2001-ஆம் ஆண்டு பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர். அவர்களுடைய கோட்பாட்டை வகுப்பறையில் விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. நான்கு மாணவர்களைப் பிரிட்ஜ் மேசையில் உட்காரவைத்திருந்தால் ஒரு மாலையில் புரிந்திருக்கும்.

சட்டமும் இந்த வேறுபாட்டை அறிந்தே வைத்திருக்கிறது. பந்தயப் போட்டிகள் பற்றிய 1957-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், கணிசமான திறன் தேவைப்படும் போட்டிகளைச் சூதாட்டத்திலிருந்து உச்சநீதிமன்றம் பிரித்துக் காட்டியது. ஆந்திரத்தில் ரம்மி ஆடியவர்கள் தொடர்பான வழக்கில் 1967-இல் தீர்ப்பு வழங்கியபோது, ரம்மியில் உள்ள தற்செயல் தன்மை, பிரிட்ஜில் சீட்டு விழுவதில் உள்ள தற்செயல் தன்மையைப் போன்றதே என்று கூறியது. அதாவது, ரம்மியின் நன்மதிப்புக்கே பிரிட்ஜைச் சான்றாகக் காட்ட வேண்டியிருந்தது.

பிற்காலத்தில் இந்தத் 'திறன் விளையாட்டு' என்ற குடையின் கீழ் இணையவழிப் பண ரம்மி ஒதுங்கிக்கொண்டதும், தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் கடனில் மூழ்கியதும், உயிர்கள் பலியானதும் நாம் அறிந்த துயரம். நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 2022-இல் மாநில அரசு சட்டம் கொண்டுவந்தது. 2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், இணையத்தில் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைத் திறன், அதிர்ஷ்டம் என்ற பாகுபாடின்றித் தடை செய்கிறது. இதை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். என் சித்தியின் தாலிக்கொடியை விழுங்கியது சீட்டு அல்ல, பணயம் என்பதுதான் என் கருத்து. பணயம் வைத்தால் சதுரங்கமும் சூதுதான். வைக்காவிட்டால் சீட்டும் விளையாட்டுதான். உலக பிரிட்ஜ் அணிப் போட்டிகளில் வெல்பவருக்குப் பரிசுப் பணம் கிடையாது. கோப்பையும் பதக்கமும் மட்டுமே.

பிரிட்ஜ் ஆடக் கடல் கடந்து போன இந்தியர்களைப் பற்றி நாடு ஒருமுறை பேசியது. ஜகார்த்தாவில் நடந்த 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில்தான் பிரிட்ஜ் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. செப்டம்பர் 1 அன்று, கொல்கத்தாவைச் சேர்ந்த 60 வயது பிரணாப் பர்தனும் 56 வயது சிப்நாத் சர்க்காரும் ஆடவர் இரட்டையர் பிரிவில் சீன இணையை முந்தித் தங்கம் வென்றனர். அதே நாளில்தான் குத்துச்சண்டையில் அமித் பங்காலும் தங்கம் வென்றார். வியர்வை சிந்திய இளைஞரும் நரைத்த தலையர் இருவரும் ஒரே பதக்கப் பட்டியலில் அடுத்தடுத்து நின்றனர். ஆடவர் அணிக்கும் கலப்பு அணிக்கும் வெண்கலம் கிடைத்தது. அந்த இந்தியக் குழுவில் 79 வயது ரீட்டா சோக்சியும் இருந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2023-இல் ஹாங்சௌவில் நடந்த போட்டியில் இந்திய ஆடவர் அணி இறுதிச் சுற்றில் ஹாங்காங்கிடம் தோற்று வெள்ளி பெற்றது.

2018-இல் எழுந்த வாழ்த்துகளோடு, 'உட்கார்ந்த இடத்தில் ஆடுவது விளையாட்டா' என்ற கேள்வியும் எழுந்தது. உலகின் பல நாடுகளிலும் எழுந்த கேள்விதான் இது. இங்கிலாந்து பிரிட்ஜ் சங்கம் தொடுத்த வரி வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், உடலுழைப்பு மிகக் குறைவு என்பதால் வரிச் சட்டத்தின் நோக்கில் இதை விளையாட்டாகக் கொள்ள முடியாது என்று 2017-இல் தீர்ப்பளித்தது. பெயர் எதுவானாலும் பாதகமில்லை. சதுரங்கத்தை நாம் எந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறோமோ அந்தக் கணக்கில் இதையும் சேர்த்தால் போதும்.

சதுரங்கம் என்றதும் சென்னை நினைவுக்கு வருவது இயல்பு. 1988-இல் விசுவநாதன் ஆனந்த் கிராண்ட்மாஸ்டரானது தொடங்கி, 2024-இல் குகேஷ் உலக சாம்பியனானது வரை நீளும் பெருமை அது. 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடைப் பட்டிதொட்டியெல்லாம் அறிந்தது. ஆனால் 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் 10 வரை, அதே சென்னையில் உலக பிரிட்ஜ் அணி சாம்பியன் போட்டி நடந்ததை எத்தனை பேர் அறிவோம்? பொது, மகளிர், மூத்தோர் என மூன்று முதன்மைப் பிரிவுகளிலும் தலா 22 அணிகள் ஒரு நட்சத்திர விடுதியில் கூடின. நான் சில நாள்கள் பார்வையாளனாக இருந்தேன். அங்கிருந்து விடுதிக்குத் திரும்பும் வழியில் ஆட்டோ ஓட்டுநர், "உள்ளே என்ன சார், மருத்துவர் மாநாடா?" என்று கேட்டார்.

அந்தப் போட்டி பிரிட்ஜ் வரலாற்றிலேயே கடினமான ஒரு தருணத்தில் நடந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், உலகின் முன்னணி இணைகள் சில இரகசியச் சைகைகள் மூலம் சீட்டு விவரங்களைப் பரிமாறிக்கொண்டதாகக் குற்றச்சாட்டு வெடித்திருந்தது. நார்வே ஆட்டக்காரர் பாய் புரோகலாண்ட் அதை வெளிப்படையாக எழுப்பினார். பழைய ஆட்டங்களின் காணொலிகளை வைத்துப் பல நாட்டு ஆட்டக்காரர்கள் சைகைகளை ஆராய்ந்தனர். இஸ்ரேல், மொனாக்கோ, ஜெர்மனி அணிகள் சென்னைக்கு வராமலே விலகிக்கொண்டன. போலந்தின் ஓர் இணைக்கு விடுத்த அழைப்பு போட்டி தொடங்கும் தறுவாயில் திரும்பப் பெறப்பட்டது. ஆறு பேர் சுழற்சி முறையில் ஆட வேண்டிய அந்த அணி, எஞ்சிய நால்வரோடு இரண்டு வாரங்கள் ஓய்வின்றி ஆடி, இறுதியில் ஸ்வீடனை வென்று பெர்முடா கோப்பையைக் கைப்பற்றியது. தன் இரத்தினங்களைத் தானே உரைகல்லில் உரசிப் பார்த்த ஒரு துறையை நான் அந்த நாள்களில் பார்த்தேன். சாம்பியன்களாகவே இருந்தாலும் கேள்வி கேட்கத் தயங்காத அந்தத் துணிவு, நம் கல்வி நிறுவனங்களுக்கும் வேண்டும்.

இனி என் பயணத்துக்கு வருகிறேன். என் கூட்டாளி, வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற தூத்துக்குடி நண்பர், வயது 71. நாங்கள் தேர்வுபெற்ற இந்திய அணியினர் அல்லர். கட்டணம் செலுத்தும் எவரும் கலந்துகொள்ளக்கூடிய பன்னாட்டுப் போட்டி அது. பிரிட்ஜின் தனிச்சிறப்பும் இதுவே. உலக அணிப் போட்டிகளோடு சேர்த்து நடத்தப்படும் நாடுகடந்த அணிகளுக்கான போட்டியிலும், எந்த நாட்டவரும் எந்த நாட்டவரோடும் அணி சேர்ந்து ஆடலாம். உள்ளூர் கிரிக்கெட் ஆட்டக்காரர் ஒருவர் உலகக் கோப்பை வீரரை எதிர்த்து ஆடுவது கனவிலும் நடக்காது. பிரிட்ஜில் அது காலை பத்து மணிச் சுற்றிலேயே நடந்துவிடும்.

திருச்செந்தூரில் இரயிலேறிச் சென்னை சென்று, அங்கிருந்து விமானம் பிடித்தோம். விமானக் கட்டணம், தங்கும் செலவு, நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து எனக்கு ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல் ஆயிற்று. ஏறத்தாழ ஒன்றரை மாத ஓய்வூதியம். போன நாட்டில் குடியேற்ற அதிகாரி, வந்த நோக்கம் என்ன என்று கேட்டார். "பிரிட்ஜ்" என்றார் நண்பர். "பொறியாளர்களா?" என்றார் அதிகாரி. தேநீர்க் கடைக்காரர் மட்டுமே தனியர் அல்லர் என்று தேறினோம்.

போட்டி அரங்கில் முதலில் என்னை வியக்க வைத்தது மேசையின் குறுக்கே நின்ற திரை. அது மூலைவிட்டமாக மேசையை இரண்டாகப் பிரிக்கிறது. கூட்டாளியின் முகத்தை நாம் பார்க்க முடியாது. பக்கத்தில் அமர்ந்திருப்பவர் எதிரணிக்காரர். ஏலச் சீட்டுகளை வைத்த தட்டு, திரையின் அடியிலுள்ள இடைவெளி வழியே அங்குமிங்கும் நகர்கிறது. ஏலத்தின் பொருளை அதே பக்கத்து எதிரிக்கு எழுதிக் காட்ட வேண்டும். மொழி தெரியாதவர்களோடு, பேச்சே இல்லாமல், மூன்று நாள்கள் பழகினோம். என் பக்கத்தில் அமர்ந்த முதியவர் ஒருவர், நான் பதற்றத்தில் தவறான சீட்டை எடுக்கப்போவதைக் கண்டு, அது எதிரணிக்கு ஆதாயம் என்றபோதிலும், தம் தொண்டையைச் செருமாமல் கண்களை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார். உதவுவதும் விதிமீறல், ஏளனமும் விதிமீறல் என்ற பண்பாடு அது.

நான் கற்ற பெரிய பாடம் ஓர் ஒப்பந்தத்தில் வந்தது. எங்கள் இருவரிடமும் சேர்த்துத் துருப்பில் ஒன்பது சீட்டுகள் இருந்தன, எதிரிகளிடம் நான்கு. அவை இரண்டு இரண்டாகப் பிரிந்திருக்கும் என்று எண்ணி ஆடினேன். பெரும்பாலானோர் அப்படித்தான் எண்ணுவர். ஆனால் கணக்கு வேறு. நான்கு சீட்டுகள் 3-1 என்று பிரிவதற்கான வாய்ப்பு சுமார் 49.7 சதவீதம், 2-2 என்று பிரிவதற்கு 40.7 சதவீதமே, 4-0 என்று அமைய 9.6 சதவீதம். சமமாகப் பிரிவதே இயல்பு என்று மனம் சொல்லும். எண்கள் அதை மறுக்கும். முப்பத்தைந்து ஆண்டுகள் நிகழ்தகவு கற்பித்தவன் அந்த நொடியில் மனத்தின் பேச்சைக் கேட்டேன், ஒப்பந்தம் முறிந்தது. அதே சீட்டுகளை வேறொரு மேசையில் ஆடிய, பதினெட்டு வயதுக்கு மேல் மதிக்க முடியாத ஒரு பெண், 3-1 பிரிவுக்கும் ஈடுகொடுக்கும் வழியை முன்கூட்டியே தேர்ந்து வென்றிருந்தாள். முடிவுகள் ஒட்டப்பட்ட பலகையில் என் பெயர் பின்பாதியில் இருந்தது. அந்தப் பலகையின் முன் நின்றபோது எனக்கு வருத்தமில்லை. அந்தப் பெண்ணின் வயதில் நம் ஊர்ப் பிள்ளை ஒன்றுகூட அங்கே இல்லையே என்பதுதான் உறுத்தியது.

ஏன் இல்லை என்பது பொருளாதாரக் கேள்வி. நம் நாட்டில் பிரிட்ஜ் பெருநகர மன்றங்களின் ஆட்டமாகவே வளர்ந்தது. மன்ற உறுப்பினர் கட்டணமும், மாலை நேர ஓய்வும், ஆங்கிலப் பழக்கமும் உள்ளவர்களே அதைக் கற்றனர். வெளிநாட்டுப் பயணம் என்று வந்தால், செலவைத் தாமே ஏற்கக்கூடியவர், அல்லது செலவை ஏற்கும் புரவலர் கிடைத்தவர் மட்டுமே போக முடிகிறது. புரவலர்கள் தாமும் அணியில் ஆடுவது பிரிட்ஜ் உலகின் பழைய வழக்கம். ஜகார்த்தாவில் வெண்கலம் வென்ற இந்தோனேசிய அணியில், அந்நாட்டின் பெருஞ்செல்வர்களுள் ஒருவரான 78 வயது பாம்பாங் ஹர்த்தோனோ ஆடினார். தவறில்லை. ஆனால் திறமை இருந்து செல்வம் இல்லாத இருபது வயதுக்காரருக்கு ஒன்றேகால் லட்சம் என்பது ஓராண்டுப் படிப்புச் செலவு. எனக்கு அது சேமிப்பிலிருந்து போன தொகை. அவருக்கு அது கைவிட்ட எதிர்காலம். வாய்ப்புச் செலவு என்று நான் கரும்பலகையில் எழுதியதன் பொருள் இதுதான்.

விந்தை என்னவென்றால், பிரிட்ஜுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் அது எங்கள் பகுதிக்கே வந்து நிற்கிறது. பெரும் பரிசுத் தொகையுடன் இந்தியாவில் நடைபெறும் பன்னாட்டு பிரிட்ஜ் போட்டிக்குப் பெயர் கொடுத்திருப்பது எச்சிஎல் நிறுவனம். அதை நிறுவிய சிவ நாடார் பிறந்த மூலைப்பொழி, திருச்செந்தூருக்கு அருகிலுள்ள சிற்றூர். புரவலர் இம்மண்ணில் பிறந்தார். ஆட்டக்காரர் இன்னும் பிறக்கவில்லை.

இதற்குப் பெரும் திட்டங்கள் தேவையில்லை. முதலாவதாக, பள்ளிகளில் சதுரங்கத்துக்குக் கிடைத்த இடத்தில் ஒரு மூலையைப் பிரிட்ஜுக்கும் தரலாம். ஏலத்தின் சிக்கலை நீக்கி, சிறுவர்களுக்கென்று வடிவமைக்கப்பட்ட 'மினிபிரிட்ஜ்' என்ற எளிய வடிவம் ஐரோப்பியப் பள்ளிகளில் பயன்பட்டு வருகிறது. நம்மிடம் அதைவிடச் சிறந்த நுழைவாயிலாக 'முந்நூற்று நான்கு' இருக்கிறது. நிகழ்தகவை அச்சிட்ட பாடத்தில் படிப்பதைவிட, கையில் பிடித்துப் படிப்பது நெஞ்சில் நிற்கும். தனித்து வெல்வதையே கற்பிக்கும் நம் தேர்வு முறையில், கூட்டாளியின் தவறைப் பொறுத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போகக் கற்பிக்கும் பாடம் ஒன்றாவது இருக்கட்டும்.

இரண்டாவதாக, நாட்டின் சார்பிலும் மாநிலத்தின் சார்பிலும் தேர்வுபெறும் இளையோருக்கு, மற்ற விளையாட்டுகளுக்கு வழங்குவது போலப் பயணச் செலவை அரசும் நிறுவனங்களும் ஏற்க வேண்டும். நால்வருக்கும் ஆறு பேருக்குமான விமானக் கட்டணம் எந்த நிதிநிலை அறிக்கையையும் கவிழ்த்துவிடாது.

மூன்றாவது, முதியோர் பற்றியது. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்க, தனித்து வாழும் முதியோர் எங்கள் கடற்கரை ஊர்களில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். என் நண்பர் மனைவியை இழந்தபின் ஆறு மாதங்கள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அவரை மீட்டு வந்தது மாலை நேரத்து நான்கு நாற்காலிகள். பிரிட்ஜுக்கு நால்வர் வேண்டும். ஒருவர் வராவிட்டால் மூவர் தேடி வருவர். இதைவிட நல்ல காப்பீட்டுத் திட்டத்தை நான் அறியேன். நூலகங்களிலும் ஊராட்சிக் கட்டடங்களிலும் பணயமில்லாத சீட்டு மேசைகளுக்கு இடம் தர வேண்டும். பணயம் நுழைந்தால் உடனே மூட வேண்டும். கோடு அங்கேதான், அதை மட்டும் அழியாமல் காக்க வேண்டும்.

எங்கள் ஊரில் இப்போது இந்தியாவின் இரண்டாவது ஏவுதளம் எழுகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. துருவப் பாதைக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ஏவூர்தி இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டியிருக்கிறது. குலசேகரன்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே கடலுக்கு மேல் பறக்கலாம்; அந்த வளைவில் வீணாகும் எரிபொருள் மிச்சம். சிறிய ஏவூர்திகளுக்கு அந்த மிச்சமே பெரிது. நம் பிள்ளைகளின் திறமைக்கும் இதுவே பொருந்தும். பெருநகர மன்றம், புரவலர், பணம் என்று சுற்றி வளைந்து போவதில் பாதி ஆற்றல் தீர்ந்துவிடுகிறது.

திரும்பி வந்ததும் தேநீர்க் கடை நண்பர், "என்ன சார், செயிச்சீயளா?" என்று கேட்டார். தோற்றதைச் சொன்னேன். "எவ்வளவு போச்சு?" என்றார். பந்தயம் கட்டவே இல்லை என்று சொன்னபோது அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு சீட்டுக்கட்டை எடுத்து வந்து, ஒன்பதும் நான்குமாகப் பிரித்துக் காட்டி, என் தோல்வியை விளக்கினேன். கடையில் வேலை செய்யும் அவர் மகன், பத்தாம் வகுப்பு மாணவன், கண்ணாடித் தம்ளர்களைக் கழுவுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். "அப்போ மூணு ஒண்ணுன்னு வச்சுல்ல சார் ஆடியிருக்கணும்?" என்றான்.

இப்போது ஞாயிறுதோறும் மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அவனும் இன்னும் மூவரும் வந்து அமர்கிறார்கள். அம்மா இருந்திருந்தால் முதல் நாள் கோபித்திருப்பாள். மேசையில் காசு இல்லை என்பதைப் பார்த்த பிறகு, நால்வருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்திருப்பாள் என்றே நம்புகிறேன்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).